மாத்திரையை எறிவது விசுவாசமா?

தியானப் பகுதி: மாற்கு 9:14-29, மத்தேயு 4:24



வாரந்தோறும் ஆறுதலின் வார்த்தையைத் தேடி இந்தப் பக்கத்துக்கு வருகிறீர்கள். இந்த வாரம் ஒரு வழக்காட வேண்டியிருக்கிறது. வழக்கு உலகத்தாரோடு அன்று. தேவனுடைய வீட்டாராகிய நம்மோடுதான்.

நம் ஊர்களில் நடக்கும் சுகமளிக்கும் கூட்டங்கள் சிலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். வலிப்பு நோயுள்ள பிள்ளையைத் தாயும் தகப்பனும் மேடைக்கு முன்பாகக் கொண்டுவருகிறார்கள். பிரசங்கியார் பிள்ளையின் தலையில் கைவைத்து, உரத்த சத்தமாய்ப் பிசாசை அதட்டுகிறார். பின்பு தாயை நோக்கி, விசுவாசிக்கிறாயா என்று கேட்கிறார். அவள் தலையசைக்கிறாள். அப்படியானால் இனி மாத்திரை எதற்கு என்கிறார். அவள் கைப்பையிலிருந்த மாத்திரை அட்டை மேடையில் வீசப்படுகிறது. கூட்டம் அல்லேலூயா என்று ஆர்ப்பரிக்கிறது. அந்தக் காட்சி சாட்சியாகப் பதிவு செய்யப்பட்டுக் கைப்பேசிகளில் பரவுகிறது.

அதற்குச் சில நாள்களுக்குப் பின் அந்த வீட்டில் நடப்பதை ஒருவரும் பதிவு செய்வதில்லை. மருந்து திடீரென நின்றுபோனால் வலிப்பு முன்னிலும் மூர்க்கமாய்த் திரும்பக்கூடும். ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது தொடங்கக்கூடும். இடைவிடாத வலிப்பு என்று மருத்துவர்கள் அஞ்சும் நிலை அது. மூளையைச் சேதப்படுத்தும், உயிரையும் பறிக்கும். அந்நேரம் மேடை வேறோர் ஊருக்குப் போயிருக்கும். தாய்க்கு மிஞ்சுவது ஒரே விடை: "உன் விசுவாசம் போதவில்லை."

இந்த விடை பொய். இந்தப் பழக்கம் பாவம். மாத்திரையை எறியச் சொல்வது விசுவாசத்தின் குரல் அன்று என்பதை வேதத்தைக் கொண்டே காட்ட விரும்புகிறேன். பொறுமையோடு வாசியுங்கள், பெரேயா பட்டணத்தாரைப்போல ஒவ்வொரு வசனத்தையும் வேதத்தைத் திறந்து சோதித்துப் பாருங்கள்.

நோய் என்ன?

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உண்டு. அவை மிக நுண்ணிய மின்சைகைகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நாம் நடப்பதும் நினைப்பதும் ஜெபிப்பதும் அந்த ஒழுங்கான உரையாடலால்தான். சில வேளைகளில் ஒரு கூட்டம் அணுக்கள் ஒழுங்கு தவறி, ஒரே நேரத்தில் மிகையாய் மின்சைகை எழுப்புகின்றன. அதுவே வலிப்பு. இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ அந்தப் புயல் நீடிக்கும். பெரும்பாலும் தானாகவே அடங்கும். இப்படித் தகுந்த தூண்டுதல் இல்லாமலே திரும்பத் திரும்ப வரும்போது அதை வலிப்பு நோய் என்கிறோம். கால்-கை வலிப்பு என்பதே பேச்சில் காக்காய் வலிப்பாயிற்று என்பர். காகத்துக்கும் இந்நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எல்லா வலிப்பும் கீழே விழுந்து கைகால் வெட்டி இழுப்பதாக இராது. வகுப்பில் பாடம் நடக்கையில் சில நொடிகள் கண் நிலைகுத்தி நின்று, பின்பு ஒன்றும் நடவாததுபோலத் தொடரும் பிள்ளைக்கு அது வலிப்பாக இருக்கலாம். ஆசிரியர் அவனைக் கவனக்குறைவுள்ளவன் என்று தண்டிப்பார். இன்னொருவர் உதட்டைச் சப்புக்கொட்டுவார்; உடுத்திய துணியைப் பிடித்து இழுப்பார்; பொருளற்ற சொற்களை முணுமுணுப்பார்; பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டார். அதுவும் மூளையின் ஒரு பகுதியில் எழும் வலிப்பாக இருக்கலாம். நம் சபைகளில் பலர் பிசாசு என்று முதலில் பெயரிடுவது இவர்களுக்கே.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் வாழ்கிறார்கள். பிறப்பின்போது மூளைக்கு உயிர்வளி குறைதல், விபத்தில் தலையில் படும் காயம், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், மூளைக்கட்டி, பரம்பரை ஆகியவை காரணங்களாகும். பன்றி நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான நீராலும் கழுவாத காய்கறியாலும் வயிற்றுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் தங்குவதும் நம் நாட்டில் முக்கியமான காரணம். ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காரணம் இன்னதென்று கண்டறிய முடிவதில்லை. காரணம் தெரியாததாலேயே பிசாசின்மேல் பழிபோட நமக்கு அதிகாரம் இல்லை.

அதே நிறுவனம் இன்னொன்றும் சொல்கிறது. சரியாகக் கண்டறிந்து சரியாக மருந்து கொடுத்தால், பத்துப் பேரில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் வாழலாம். அடிப்படை மாத்திரைகள் விலை குறைந்தவை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கின்றன. பத்தில் ஏழு! இந்த நற்செய்தியைக் கேட்டுக் கர்த்தரைத் துதிக்க வேண்டிய ஜனம், அந்த மாத்திரையை மேடையில் எறிந்துவிட்டுத் துதிக்கிறது.

பழைய வழக்கு

இந்த வழக்கு இன்று நேற்றுத் தொடங்கியதன்று. கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 400-ஆம் ஆண்டிலேயே, ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல் ஒன்று, அக்காலத்தார் புனித நோய் என்றழைத்த இந்நோய் மற்ற நோய்களைவிடப் புனிதமானதன்று, இது மூளையில் தோன்றுவது என்று வாதிட்டது. மந்திரத்தாலும் சடங்கினாலும் இதைப் போக்குகிறோம் என்றவர்களை அந்நூல் கடிந்துகொண்டது. தங்களுக்கு மருந்து தெரியாததை மறைக்கவே அவர்கள் தெய்வத்தின் பெயரை இழுக்கிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுந்த அந்தக் குற்றச்சாட்டு இன்றும் பழையதாகவில்லை.

திருச்சபை அந்த வாதத்தை ஏற்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சந்திரியாவின் ஓரிகன், மத்தேயு சுவிசேஷத்துக்கு எழுதிய விளக்கவுரையில் இந்தப் பகுதிக்கு வந்தபோது, மருத்துவர்கள் இயற்கையான காரணம் சொல்லட்டும், நாமோ இதை அசுத்த ஆவியின் வேலையென்றே நம்புகிறோம் என்ற கருத்தை எழுதிவைத்தார். பக்தியுள்ளவர், பெரும் அறிஞர். ஆனாலும் நூற்றாண்டுகள்தோறும் நோயாளிகள் அந்தக் கருத்தின் சுமையைச் சுமந்தார்கள்.

பின்னும் பல நூற்றாண்டுகள் சென்றபின் மருத்துவம் மெள்ள வழிகண்டது. 1912-இல் பீனோபார்பிட்டால் வலிப்பை அடக்குவது கண்டறியப்பட்டது. 1924-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1938-இல் பெனிட்டாயின் வந்தது. ஒரு தலைமுறைக்குள் இருள் விலகியது. காணாததை நம்புவது விசுவாசம் என்று வேதம் சொல்வது மெய்தான். கண்முன் காகிதத்தில் வரைந்து காட்டப்பட்டதை மறுப்பது விசுவாசம் ஆகாது.

வேதம் என்ன சொல்லுகிறது?

"போதகரே, சுவிசேஷத்தில் இயேசு அந்தப் பையனைவிட்டு ஆவியைத் துரத்தினாரே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பிசாசின் கிரியை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை; ஆண்டவர் அவனை ஜெயித்தார் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பையனைக் கொண்டு உலகிலுள்ள 5 கோடிப் பேருக்கும் தீர்ப்பெழுத வேதம் இடங்கொடுக்கிறதா?

மத்தேயு 4:24-ஐத் திறந்து பாருங்கள். ஆண்டவரிடத்தில் கொண்டுவரப்பட்டவர்களைச் சுவிசேஷகர் வரிசைப்படுத்துகிறார். அந்த வரிசையில் பிசாசு பிடித்தவர்கள் ஒரு கூட்டம். சந்திரரோகிகள் வேறொரு கூட்டம். திமிர்வாதக்காரர் மற்றொரு கூட்டம். வலிப்பு நோயாளிகளையே அக்காலத்தார் சந்திரரோகி என்றனர். நிலவின் பிறைக்கேற்ப இந்நோய் வருகிறதென்று நம்பியதால் வந்த பெயர் அது. பரிசுத்த ஆவியானவர் ஏவிய வேதமே பிசாசு பிடித்தவரையும் வலிப்பு நோயாளியையும் தனித்தனியே எழுதிவைத்திருக்க, இரண்டையும் ஒன்றாக்க நாம் யார்?

இன்னும் பாருங்கள். லூக்கா 4:39-இல் ஆண்டவர் சீமோன் பேதுருவின் மாமியைப் பிடித்திருந்த காய்ச்சலை அதட்டினார். அதட்டினார் என்பதால் காய்ச்சல் எல்லாம் பிசாசு என்கிறோமா? காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பாரசிட்டமால் கொடுப்பதை அவிசுவாசம் என்கிறோமா? லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் 18 வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீக்கு இருந்தது பலவீனப்படுத்தும் ஆவி என்று வாசிக்கிறோம். அதனால் முதுகு வளைந்த நம் பாட்டிமார் எல்லாரும் ஆவி பிடித்தவர்களா? மத்தேயு 9:32-இல் ஊமையனிடத்தில் பிசாசு இருந்தது. வாய்பேசாத பிள்ளைகளின் பள்ளிக்குமுன் நின்று பிசாசை அதட்டுவோமா? மாட்டோம். காய்ச்சலுக்கு ஒரு நியாயம், கூனுக்கு ஒரு நியாயம், வலிப்புக்கு மட்டும் வேறொரு நியாயமா? நாம் பயப்படும் நோய்க்குத்தான் பிசாசு என்று பெயர் வைக்கிறோம். வேதம் சொல்வதால் அன்று, நம் பயம் சொல்வதால்.

இனி மாற்கு 9-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே ஆண்டவர் என்ன செய்தார்? வேதபாரகரும் சீஷரும் ஒருவரோடொருவர் தர்க்கம்பண்ணிக்கொண்டிருந்தார்கள். பையனோ துன்பத்தில் இருந்தான். ஆண்டவர் தர்க்கத்தில் சேரவில்லை. அவன் தகப்பனிடம், இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று விசாரித்தார். எந்த மருத்துவரும் முதலில் கேட்கும் கேள்வி அது! தகப்பன் சிறுவயது முதல் என்றான். தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்றான். ஆண்டவர் முழுவதையும் கேட்டார். பரலோகத்தின் தேவனாகிய அவர் பிள்ளையின் நோய்க்கதையைப் பொறுமையோடு கேட்டிருக்க, பிரசங்கியார் அரை நிமிடமும் கேளாமல் அதட்டத் தொடங்குவது யாருடைய மாதிரி?

அந்தத் தகப்பனின் விசுவாசம் அரைகுறையானது. அதை அவனே அழுது அறிக்கையிட்டான். அதற்காக ஆண்டவர் அவனைத் திருப்பியனுப்பவில்லை. பிள்ளைக்கு உதவியை மறுக்கவில்லை. அவிசுவாசம் என்ற குற்றம் யார்மேல் வந்தது? தங்களால் ஏன் கூடாமற்போயிற்று என்று தனித்துக் கேட்ட சீஷர்மேல்! மத்தேயு 17:20-ஐ வாசியுங்கள். நோயாளியின்மேலும் அவன் வீட்டார்மேலும் அந்தப் பழி விழவேயில்லை. இன்று ஜெபித்தவர் மேடையில் நிமிர்ந்து நிற்கிறார். குற்றம் தாயின் மடியில் போடப்படுகிறது. சுவிசேஷத்தைத் தலைகீழாக வாசிப்பது இதுதான்.

யாருடைய குரல்?

இப்போது மாத்திரைக்கு வருவோம். தேவன்மேல் நம்பிக்கை வைத்துக் குதித்துப் பார், அவர் தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்று வேதவசனத்தையே மேற்கோள் காட்டிச் சொன்னவன் யார்? மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், தேவாலயத்து உப்பரிகையின்மேல் ஆண்டவரை நிறுத்தி அப்படிச் சொன்னவன் பிசாசு. ஆண்டவர் குதிக்கவில்லை. கர்த்தரைப் பரீட்சை பார்க்கலாகாது என்று மறுத்தார். உப்பரிகையிலிருந்து குதிப்பதும், வலிப்பு நோயுள்ள பிள்ளையின் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவதும் ஒன்றே. இரண்டிலும் வசனம் உண்டு, கைதட்டல் உண்டு, கீழே பாறையும் உண்டு. ஒரு வித்தியாசம்: அன்று குதிக்கச் சொல்லப்பட்டவர் தாமே முடிவெடுத்தார். இன்று குதிப்பதோ தன் வாயால் மறுக்கத் தெரியாத பிள்ளை.

"அப்படியானால் ஆண்டவர் சுகமாக்குவதில்லையா?" ஆக்குகிறார். நான் அதற்காகவே ஜெபிக்கிறேன். சுகம் கிடைத்தது என்று நம்பினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஆண்டவரே கற்பித்திருக்கிறார். மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில் குஷ்டரோகியைச் சுத்தமாக்கினார். உடனே, போய் உன்னை ஆசாரியனுக்குக் காண்பி என்ற பொருள்பட அனுப்பினார். லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின்படி, ரோகம் நீங்கியதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. சுகமாக்கினவர் தேவகுமாரன், ஆனாலும் பரிசோதித்து அறிவிக்க நியமிக்கப்பட்டவரிடம் அனுப்பினார். உண்மையான அற்புதம் பரிசோதனைக்குப் பயப்படாது.

ஆகவே, ஜெபத்தில் சுகமடைந்தேன் என்பவர் மருத்துவரிடம் போகட்டும். அவர் சோதிக்கட்டும். பொதுவாக இரண்டு ஆண்டுகள் வலிப்பே வராதிருந்தால், மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாமா என்று மருத்துவர்கள் ஆலோசிப்பார்கள். எல்லாருக்கும் வாழ்நாள் முழுதும் மாத்திரை என்பதில்லை. அந்த முடிவை எடுப்பவர் மருத்துவர். எடுக்கும் விதம் படிப்படியாக. அன்று உங்கள் சாட்சியைச் சபையில் சொல்லுங்கள். நானும் உங்களோடு துதிப்பேன்.

மருந்தை வேதம் எங்கே வெறுத்தது? எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடை வைக்கச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர் பவுல். துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவந்தவரும் அதே பவுல்தான். அவனுக்கு விசுவாசம் இல்லையென்று அவர் எழுதவில்லை. அவரோடு பயணம் செய்த பிரியமான லூக்கா வைத்தியன். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். காயம்பட்டவனை எழுந்து நட, விசுவாசி என்று அதட்டிவிட்டுப் போகவில்லை.

வேலூர் காட்டும் வழி

நம் தமிழ் மண்ணிலேயே வேறொரு மரபு இருக்கிறது; நாம் அதை மறந்துவிட்டோம். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணியே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாயிற்று. 1949-இல் அங்கே டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதலாவது நரம்பியல் அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். கனடாவின் மான்ட்ரியல் நகரில், வலிப்பு அறுவை மருத்துவத்தின் முன்னோடியான வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர் அவர். 1952-இல் வலிப்பு நோய்க்கான நம் நாட்டின் முதல் அறுவை சிகிச்சை அங்கேதான் நடந்தது.

அங்கேயே பிற்காலத்தில் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. வலிப்போடு வரும் இந்திய நோயாளிகள் பலரின் மூளைப்படத்தில் ஒரு சிறிய வளையம் தெரியும். அது காசநோய்க் கட்டி என்று கருதிப் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் அது நாடாப்புழுவின் இளம்புழு தங்கிய வடு என்று வேலூர் மருத்துவர்கள் திசுச் சோதனையால் நிறுவினார்கள். எத்தனையோ பேர் தேவையற்ற மருந்திலிருந்து தப்பினார்கள். அந்த மருத்துவமனையிலும் ஒவ்வொரு நாளும் ஜெபம் உண்டு. ஜெபித்தவர்களே கற்றார்கள், சோதித்தார்கள், சான்று கிடைத்தபோது பழைய கருத்தை மாற்றிக்கொண்டார்கள். இதுவும் கிறிஸ்தவ விசுவாசம்தான். மேடையில் எறியப்படும் மாத்திரை அட்டையைவிட இது பெரிய சாட்சி.

சபைக்குள் சரிசெய்ய வேண்டியவை

மாற்கு 9:29-இல் இவ்வகை ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமே போகும் என்ற கருத்தை வாசித்து, நோயாளியையே பட்டினி போடுகிறவர்கள் உண்டு. ஆண்டவர் அதைச் சீஷருக்குச் சொன்னார், பையனுக்கு அன்று. உபவாசிப்பதானால் நீங்கள் உபவாசியுங்கள். தூக்கம் குறைவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பைத் தூண்டுவதில் முதன்மையானவை. சிலருக்கு உணவு தவறுவதும் தூண்டும். முழு இரவு ஜெபத்தில் விழித்திருந்து, மறுநாள் உபவாசக் கூட்டத்தில் மாத்திரையும் எடாமல் அமர்ந்தவர் விழுந்தால், அது பிசாசு எதிர்த்து நின்றதன் அடையாளம் அன்று. நாம் அவரைத் தூங்கவிடவில்லை என்பதன் விளைவு. வலிப்பு நோயுள்ளவர் இரவு ஜெபத்துக்கு வராவிட்டால் பக்தி குறைந்தவர் என்று ஒருவரும் சொல்லாதிருங்கள். விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியும் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். ஆராதனை மேடைகளில் அத்தகைய விளக்குகள் தேவைதானா என்று மூப்பர்கள் யோசிக்கட்டும்.

அடுத்தது திருமணம். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும் வலிப்பு ஒரு காலத்தில் மணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல் நாடாளுமன்றம் அந்தச் சொல்லையே நீக்கிவிட்டது. சட்டப்புத்தகத்திலிருந்து அது போனபின்னும், ஓலை வாசிக்கும் நம் சபையாரின் மனத்திலிருந்து போகவில்லை. சபை பயமுறுத்துவதால் பெற்றோர் மறைக்கிறார்கள். மறைத்து மணமுடித்த பெண் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்குகிறாள், ஒளிக்க இடமில்லாத நாளில் விழுங்காமலே விடுகிறாள், விழுகிறாள். பின்பு ஏமாற்றினார்கள் என்ற பழியும் அவள்மேல் வருகிறது. மறைப்பது தவறுதான். ஆனால் உண்மையைச் சொன்னவளை ஒதுக்கும் சபைக்கு, மறைத்தவளைக் குற்றப்படுத்த என்ன முகம் இருக்கிறது?

இந்நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள். சில மருந்துகள் கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஆகையால் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரோடு பேசி மருந்தைத் திட்டமிட வேண்டும். வெளிப்படையாகப் பேசக்கூடிய வீட்டில்தான் அது நடக்கும். இது தொற்றும் நோயன்று; எச்சிலாலும் தொடுதலாலும் பரவாது. பந்தியிலும் பாத்திரத்திலும் பிரிவினை வேண்டாம். இது யார் செய்த பாவத்தாலும் வந்ததன்று. பிறவிக்குருடனைக் குறித்துச் சீஷர் அப்படிக் கேட்டபோது, யோவான் 9:3-இல் ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார்.

விழும்போது என்ன செய்வது?

ஆராதனை நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்தால், கூட்டமாய்ச் சூழாதிருங்கள். தலையின்கீழ் மடித்த துணியை வையுங்கள். நாற்காலி, கூர்மையான பொருள்களை விலக்குங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. பற்களுக்கிடையில் கரண்டியையோ விரலையோ நுழைக்காதிருங்கள். பல் உடையும், மூச்சு அடைபடும். கைகாலை அழுத்திப் பிடிக்காதிருங்கள். நேரத்தைப் பாருங்கள். இழுப்பு ஓய்ந்ததும் மெதுவாய் ஒருபக்கமாய்ச் சாய்த்துப் படுக்கவையுங்கள். முழு நினைவு திரும்புமட்டும் தண்ணீரும் கொடுக்காதிருங்கள்.

ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும், முதன்முறை வந்ததாக இருந்தாலும், விழுந்தவர் கர்ப்பிணியாக இருந்தாலும், காயம்பட்டிருந்தாலும், தண்ணீரில் விழுந்தவராக இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ஜெபியுங்கள், அவர் பக்கத்தில் அமர்ந்து மெல்லிய குரலில் ஜெபியுங்கள். கண் திறக்கும்போது அவர் முதலில் காண்பது பயந்த முகங்களாக இராதபடி பாருங்கள்.

அந்தத் தகப்பன் சொன்ன தீயும் தண்ணீரும் இன்றும் இருக்கின்றன. அடுப்பில் விழுந்து வெந்தவர்களும் கிணற்றிலும் குளத்திலும் மூழ்கினவர்களும் உண்டு. வலிப்பு நோயுள்ளவர் தனியே நீந்தலாகாது. குளியலறையை உள்ளே தாழிடலாகாது. அடுப்படியில் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பதும் மேய்ப்பனின் ஊழியமே.

நம் நாட்டில் நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் நாளாகவும், உலகெங்கும் பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை பன்னாட்டு வலிப்பு நோய் நாளாகவும் அனுசரிக்கப்படுகின்றன. அவற்றை அடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நரம்பியல் மருத்துவரைச் சபைக்கு அழையுங்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு முதலுதவியைக் கற்பியுங்கள். மாத்திரை வாங்கப் பணமில்லாத வீடு எது என்று உதவிக்காரர் அறிந்திருக்கட்டும். வெளியூர்ப் பிரசங்கியாரை அழைக்குமுன், மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை என்று அவரிடம் வாக்குப் பெறுங்கள். வாக்குத் தராதவருக்கு நம் மேடை வேண்டாம்.

மாற்கு சொல்வதைக் கடைசியாய்க் கவனியுங்கள். பையன் அசைவற்றுக் கிடந்தபோது, செத்துப்போனான் என்று அநேகர் தீர்த்துவிட்டார்கள். ஆண்டவரோ அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் எழுந்து நின்றான். லூக்கா இன்னும் ஒன்று சேர்க்கிறார்: அவனைத் தகப்பனிடத்தில் ஒப்புக்கொடுத்தார். கூட்டத்தாரிடம் அன்று, மேடைக்கு அன்று, அவன் வீட்டாரிடம். விழுந்தவரைக் கைப்பிடித்து எழுப்பி, அவமானமில்லாமல் வீட்டாரோடு சேர்ப்பதே ஆண்டவர் காட்டிய ஊழியம். அதைச் செய்வோம்.

ஜெபம்: பரம தகப்பனே, விழுகிறவர்களைத் தாங்குகிறவரே, வலிப்பு நோயால் வருந்தும் உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். அவர்களுக்கு மருந்தும் நல்ல மருத்துவரும் மரியாதையும் கிடைக்கச் செய்யும். அவர்கள்மேல் நாங்கள் ஏற்றிய பயத்தையும் பழியையும் எங்கள் நடுவிலிருந்து அகற்றும். பொய்யான தைரியத்திலிருந்து எங்களைக் காத்து, உண்மையான விசுவாசத்தில் நிலைநிறுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.